பரலில் கரி, குழாயில் மரவினாகிரி: வன்னியில் சிறிதாகத் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

காற்றுப் புகாமல் அடைத்துச் சூடாக்கினால் மரமும் சிரட்டையும் எரியாமல் சிதையும். சிதையும்போது மூன்று பொருள் வரும்: கரி, குளிரவைத்தால் திரவமாகும் புகை (அந்தத் திரவத்தில் தெளிந்த பகுதி மரவினாகிரி, தடித்த பகுதி தார்), தண்ணீரில் குளிரவைத்தாலும் திரவமாகாத எரிவாயு. பைரோலிசிஸ் என்றும் வெப்பச்சிதைவு என்றும் சொல்வது இதைத்தான். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் சிரட்டை, ஊமல் (கிழங்கெடுத்த பிறகு மிஞ்சும் பனங்கொட்டை), உமி, வேலிக் கதியால் என்று கழிவைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று நான்கு பரலோடு (இரும்புப் பீப்பாய்) தொடங்க நினைப்பவருக்கான குறிப்புகள் கீழே. வெல்டிங் கடைக்குப் போகமுன் முழுவதையும் ஒருதரம் வாசித்துவிடுங்கள். இந்த வேலையில் காசு கரைவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: ஈரமான மூலப்பொருள், ஒழுங்கு மாறி எடுத்த காகிதங்கள்.

1. டீசல் ஆசையை முதலில் இறக்கி வையுங்கள்

"குப்பையிலிருந்து டீசல்" என்று இயந்திரம் விற்க வருபவர்கள் உண்டு. தாவரக் கழிவில் திரவம் அதிகமாக வேண்டுமென்றால் வேக வெப்பச்சிதைவு செய்யவேண்டும். கழிவை 2, 3 மில்லிமீற்றருக்கு அரைத்து, ஈரத்தை 10 வீதத்துக்குக் கீழே இறக்கி, ஏறக்குறைய 500 பாகை செல்சியஸில் கண நேரத்தில் சூடாக்கி, வரும் ஆவியை 2 செக்கனுக்குள் குளிரவைக்க வேண்டும். அப்போது உலர் நிறையில் 60 முதல் 75 வீதம் வரை திரவமாக வரும். சூட்டு மணல் கொதிக்கும் உலை, ஊதி, இடைவிடாத மின்சாரம் எல்லாம் வேண்டிய வேலை அது. பரலில் நடக்காது.

நடந்தாலும் அந்தத் திரவம் டீசல் ஆகாது. அதில் 15 முதல் 30 வீதம் தண்ணீர். பீஎச் பெறுமானம் 2 முதல் 3, அதாவது கடும் புளிப்பு. கிலோவுக்கு 16 முதல் 19 மெகாயூல் வெப்பம்தான் தரும். டீசல் 42க்கு மேல் தரும். டீசலோடு சேராது, வைத்திருக்க வைத்திருக்கத் தடிக்கும். லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஊற்றிப் பார்த்தால் பம்பும் இன்ஜெக்டரும் போய்விடும்.

பரலில் நடப்பது மெதுவான வெப்பச்சிதைவு. நன்றாகக் காய்ந்த 50 கிலோ சிரட்டை போட்டால் 12 முதல் 15 கிலோ வரை கரி வரும். திரவம் 10 முதல் 15 லீற்றர். அதிலும் பெரும்பகுதி தண்ணீர். மிச்சம் எரிவாயுவாகவும் பிடிபடாத புகையாகவும் போகும். உழைப்பு கரியில்தான். எரிவாயுவைத் திருப்பி அடுப்புக்குள் விட்டால் விறகு மிஞ்சும். திரவத்தால் வருவது கைச்செலவுக்கு. இந்த வரிசையை மாற்றிக் கணக்குப் போடுபவர்கள்தான் ஆறாம் மாதம் பரலைக் கழிவிரும்புக்கு விற்கிறார்கள்.

2. எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது

சிரட்டை: தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை. சாம்பல் குறைவு, கரி கடினம், வாங்க ஆளுண்டு. எண்ணெய் ஆலை, சமையல் மடம், கோயில், சாப்பாட்டுக் கடை என்று சேர்க்கவேண்டும். தும்பு ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். தும்பு சாம்பலைக் கூட்டும். இரண்டு மூன்று துண்டாக உடைத்துப் போட்டால் ஒரு பரலில் 45 முதல் 60 கிலோ பிடிக்கும். முழுப் பாதியாகப் போட்டால் பரலில் பாதி வெறும் காற்றுத்தான்.

ஊமல்: கிழங்குப் பாத்தி கிண்டி முடிய, தை மாசியில் வீட்டுக்கு வீடு குவியும். கரி கனமாகவும் இறுக்கமாகவும் வரும். ஒரேயொரு குறை, பாத்தி மண் ஒட்டியிருப்பது. மண்ணோடு போட்டால் சாம்பல் வீதம் ஏறி, வாங்குபவர் விலையைக் குறைப்பார். வெயிலில் காயவிட்டுச் சாக்கில் போட்டு உலுக்குங்கள்.

மரம்: வேலி வெட்டும் பூவரசு, சீமைக்கிளுவை, இப்பிலிப்பில் எல்லாம் நல்லவை. மணிக்கட்டுத் தடிப்புக்கு மேற்பட்டதைப் பிளந்து, ஓரடிக்குக் குறைவாக நறுக்குங்கள். தடித்த கட்டை வெளியில் கரியாகி உள்ளே பழுப்பாகவே இருக்கும். பாலை, முதிரை, வீரை போன்ற காட்டு மரங்களின் கிட்டவும் போகவேண்டாம். காரணம் காகிதப் பகுதியில் இருக்கிறது.

உமி: அரிவி வெட்டு முடிந்து மில்லடியில் மலையாகக் கிடப்பதைப் பார்த்துத்தான் பலருக்கு இந்த யோசனையே வரும். ஆனால் உமி இந்தப் பரலுக்குச் சரிவராது. ஒரு பரலில் 20 கிலோவளவுதான் பிடிக்கும். உமி வெப்பத்தைக் கடத்தாது. ஓரம் கருகிய பிறகும் நடு பச்சையாகவே கிடக்கும். உமியில் 15 முதல் 20 வீதம் சாம்பல், அதில் பெரும்பங்கு சிலிக்கா. கரியாக்கினால் சாம்பல் வீதம் இரண்டு மடங்காகும், எரிபொருளாக விலை போகாது. உமியை மண்ணுக்கான கரியாக மட்டும் செய்யுங்கள். அதற்கு முறை வேறு: துளையிட்ட தகரக் கூட்டுக்குள் நெருப்பு மூட்டி, மேலே புகைக்குழாய் வைத்து, சுற்றிவர உமியைக் குவித்து, வெளிப்பக்கம் கறுக்கக் கறுக்கக் கிளறிக்கொடுத்து, முழுவதும் கறுத்ததும் தண்ணீர் அடித்து அணைப்பது. அணைக்கப் பிந்தினால் மிஞ்சுவது வெள்ளைச் சாம்பல்.

கச்சான் கோது, மரத்தூள்: பாரமில்லாதவை. தனியே போட்டால் ஒரு நாள் கூலிக்குக் கட்டாது.

வைக்கோல்: மாட்டுக்கு விடுங்கள். அதிலுள்ள பொற்றாசியமும் குளோரினும் பரலைத் தின்னும்.

போடவே கூடாதவை: பெயின்ற் பூசிய பலகை, பிளைவூட், மருந்தேற்றிய மின்கம்பத் துண்டு, பிளாஸ்திக் கலந்த குப்பை. இவற்றின் புகையும் திரவமும் நஞ்சு.

இனி வன்னிக்கே உரிய எச்சரிக்கை. போர் நடந்த இடத்துப் பனங்குற்றியிலும் வேலி மரத்திலும் சன்னமும் செல் துண்டும் புதைந்திருக்கும். வெறும் இரும்புத் துண்டு வாளைத்தான் கெடுக்கும். பற்றைக் குவியலோடு வெடிக்காத பொருள் ஒன்று வந்தால் ஆளைக் கெடுக்கும். துப்புரவு செய்து கையளிக்காத காணியில் விறகு பொறுக்காதீர்கள், சூளைக் குழியும் வெட்டாதீர்கள். பற்றைக்குள் கிடக்கும் இரும்பைப் பரலுக்கென்று எடுக்கவும் வேண்டாம். சந்தேகமான எதையும் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

ஈரத்தைப் பற்றி: 12 முதல் 15 வீதத்துக்கு மேல் ஈரமிருந்தால் பரலை மூடாதீர்கள். 30 வீத ஈரத்தில் 50 கிலோ போட்டால் அதில் 15 லீற்றர் தண்ணீர் இருக்கிறது. அது ஆவியாகி முடியும்வரை சிதைவே தொடங்காது. விறகும் போகும், நேரமும் போகும், கடைசியில் கிடைக்கும் மரவினாகிரியும் வெறும் புளித்தண்ணீர். அளப்பது எளிது. 100 கிராமைச் சிறிதாக நறுக்கி, பழைய சட்டியில் புகை வராத மெல்லிய சூட்டில் வைத்து, இடைக்கிடை நிறுங்கள். நிறை இறங்காமல் 88 கிராமில் நின்றால் ஈரம் 12 வீதம்.

3. காகிதங்கள்: அடுப்புக் கட்டமுன்

அடுப்பைக் கட்டிவிட்டு அனுமதிக்குப் போவதுதான் எல்லோரும் செய்வது. இடம் பொருந்தாது என்று சொன்னால் செங்கல்லைத் திரும்பப் பிடுங்கவேண்டும். கீழே உள்ள ஒழுங்கில் போங்கள்.

முதலில் காணி. வன்னியில் பெரும்பாலானவை உறுதிக் காணி இல்லை, பெர்மிற் காணி, அதாவது அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணி. பெர்மிற்றில் விவசாயத்துக்கு, குடியிருப்புக்கு என்று நோக்கம் எழுதியிருக்கும். அதில் தொழில் நடத்த முன் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அம்மாவின் பெயரிலோ மாமாவின் பெயரிலோ காணி இருந்தால் அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும். குத்தகையென்றால் ஒப்பந்தம் வேண்டும். மற்ற எல்லா அலுவலகமும் இந்த ஒரு காகிதத்தைத்தான் முதலில் கேட்கும்.

அடுத்து வியாபாரப் பெயர்ப் பதிவு, அதுவும் பிரதேச செயலகத்தில். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், அடையாள அட்டைப் பிரதி, காணிக் காகிதத்தின் பிரதி ஆகியவற்றோடு போங்கள். தொழிலின் தன்மை என்ற இடத்தில் "கரி உற்பத்தி" என்று மட்டும் எழுதாமல், "சிரட்டை மற்றும் தாவரக் கழிவிலிருந்து கரி, மரவினாகிரி உற்பத்தி" என்று முழுமையாக எழுதுங்கள். பிறகு ஒன்றைச் சேர்க்கப் போனால் இன்னொரு அலைச்சல்.

மூன்றாவது, மத்திய சுற்றாடல் அதிகாரசபை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, புகையோ கழிவோ வெளிவிடும், அட்டவணைப்படுத்திய தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். எந்தப் பட்டியலில் விழுகிறது என்பதைப் பொறுத்து உரிமம் தருபவரும் கட்டணமும் காலமும் மாறும். சிறிய வகைகளைப் பிரதேச சபையே பார்க்கும். மாவட்ட அலுவலகத்துக்கு நேரே போய், ஒரு நாளில் எத்தனை கிலோ காய்ச்சுவீர்கள் என்று எழுதிக் கொடுத்து, எந்த வகை என்று கேளுங்கள். கட்டமுன்னரே இடம் பொருத்தமா என்ற பரிந்துரையையும் கேட்டு வாங்குங்கள். கையில் இருக்கவேண்டியவை: காணிப் படம், போகும் வழிப் படம், அடுப்பின் கைப்படம், மூலப்பொருளும் அளவும், தாரையும் கழிவு நீரையும் என்ன செய்வீர்கள் என்ற விவரம். கடைசிக் கேள்வியில்தான் விண்ணப்பங்கள் திரும்பி வரும். "தாரை மூடிய பரலில் சேர்த்து அடுத்த காய்ச்சலில் அடுப்பில் எரிப்போம்; குளிர்விக்கும் தண்ணீர் புகையோடு சேராது, சுற்றிப் பாவிப்போம்" என்று தெளிவாக எழுதுங்கள்.

நான்காவது, பிரதேச சபையின் வியாபார உரிமம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். பக்கத்து வீட்டாரின் ஆட்சேபனை அவர் மூலம்தான் வெளிவரும்; அதனால் முதலே அவர்களோடு பேசிவிடுங்கள். இந்த உரிமம் மார்கழி 31உடன் முடியும். ஐப்பசியில் எடுத்தால் மூன்று மாதம்தான் பாவிக்கலாம், அதுவும் மழைக்காலம். கார்த்திகை, மார்கழியில் மற்றக் காகிதங்களை முடித்துக்கொண்டு தையில் இதை எடுப்பது புத்தி.

மரம் பாவிப்பவருக்கு மேலதிகமாக ஒன்று. வெட்டவும் ஏற்றவும் வனவளத் திணைக்களத்தின் விதிகள் உண்டு. சொந்த வளவில் வெட்டிய கதியாலென்றாலும் கிராம அலுவலரின் கடிதம் ஒன்றை வண்டியில் வைத்திருங்கள். கரி மூட்டையைப் பார்த்து அது பாலையா பூவரசா என்று சோதனைச் சாவடியில் யாரும் சொல்லமுடியாது. பனை தறிக்கத் தனி அனுமதி வேண்டும். ஊமலுக்கும் விழுந்த மட்டைக்கும் அந்தச் சிக்கல் இல்லை.

இன்னொன்று. பரல், வளைந்த குழாய், தண்ணீர்த் தொட்டி, நுனியில் சொட்டும் திரவம் - தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு இது அசல் கசிப்புக் கொட்டில். காகிதங்களின் பிரதியை ஒரு பிளாஸ்திக் உறையில் போட்டுக் கொட்டிலிலேயே தொங்கவிடுங்கள்.

4. இடம்

சுவரில்லாத கூரை போதும். சுவர் வைத்தால் ஆபத்து: வெளிவரும் வாயுவில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு இருக்கிறது, அதற்கு மணமில்லை. தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வந்தால் உடனே காற்றுப்பக்கம் விலகவேண்டும். கூரை தகரமாக இருக்கட்டும், கிடுகு வேண்டாம். வீடு, வைக்கோற்போர், வேலிக்கு 15 மீற்றராவது தள்ளி. கிணற்றுக்கும் குளத்துக்கும் அதைவிடத் தள்ளி. தாரில் உள்ள பீனோல்கள் மீனைக் கொல்லும், கிணற்றில் இறங்கினால் மணம் போகாது.

வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் அடிக்கும். சரக்கு நன்றாகக் காயும் காலமும் அதுவே, பொறி பறந்து காடு பற்றும் காலமும் அதுவே. அந்த மாதங்களில் விடியற்காலையில் மூட்டி மதியத்துக்குள் நெருப்பை முடியுங்கள். சுற்றிவர 5 மீற்றர் செதுக்கி, இரண்டு பரல் தண்ணீரும் ஒரு குவியல் மணலும் வையுங்கள்.

5. பரலும் அடுப்பும்

பரல்: 200 லீற்றர், மூடி முழுதாகக் கழன்று வரும் வகை. விட்டம் 58 சென்ரிமீற்றர், உயரம் 88 அளவில் இருக்கும். பூச்சிகொல்லி இருந்த பரல் எந்த விலைக்கும் வேண்டாம். எண்ணெய்ப் பரலானால் வெட்டவோ ஒட்டவோ முன் கழுவி, தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டு வேலை செய்யச் சொல்லுங்கள். உள்ளே தங்கிய ஆவி வெடித்து வெல்டிங்காரர் இறப்பது புதினமில்லை. பெயின்ற்றை வெளியில் ஒருதரம் எரித்துவிட்டுத்தான் முதற் சரக்கைப் போடவேண்டும். சாதாரணப் பரலின் தகடு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர்தான். இருபது முப்பது காய்ச்சலுக்கு மேல் நம்பவேண்டாம். 3 மில்லிமீற்றர்த் தகட்டில் சுருட்டி ஒட்டினால் விலை பல மடங்கு, ஆயுளும் அப்படியே. முதலில் சாதாரணப் பரலில் பழகுங்கள்.

வெளிக்குழாய்: விளிம்பிலிருந்து 10 சென்ரிமீற்றர் கீழே, பக்கத்தில், 2 அங்குலக் கறுப்பு இரும்புக் குழாயை ஒட்டுங்கள். மூடியில் ஒட்டினால் ஒவ்வொரு முறையும் குழாய் முழுவதையும் கழற்றவேண்டும். 2 அங்குலத்துக்குக் குறைந்தால் தார் அடைக்கும். நாகம் (துத்தநாகம்) பூசிய குழாய் வேண்டாம்: சூட்டில் நாகப் புகை, குளிர்ந்த பக்கத்தில் அமில அரிப்பு.

தார்ப்பானை: பரலை விட்டு வெளிவந்த உடனே ஒரு ரீ-இணைப்பு, அதன் கீழ்க்காலில் மூடிய இரும்புப் பானை. தடித்த தார் இங்கேயே விழும். இது இல்லாவிட்டால் எல்லாம் குளிர்குழாயில் போய் ஒட்டும்.

குளிர்குழாய்: 304 தர எவர்சில்வர், 2 அங்குலம், 3 முதல் 4 மீற்றர், மீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் சரிவு. நீளவாக்கில் வெட்டிய பரலில் தண்ணீர் நிரப்பி அதனூடாகக் கொண்டுபோங்கள். ஒரு காய்ச்சலுக்கு 300 லீற்றரளவு தண்ணீர் சூடாகும். அதே தண்ணீரை ஆறவிட்டுத் திரும்பப் பாவிக்கலாம். மொத்தச் செலவில் காசை விழுங்குவது இந்தக் குழாய்தான். மரவினாகிரி வேண்டாம், கரி மட்டும் போதுமென்றால் இதை விட்டுவிட்டு, புகையை நேரே அடுப்புக்குள் திருப்பிவிடுங்கள். செலவு பாதியாகும், புகைத் தொல்லையும் குறையும். முதல் வருடத்துக்கு இதுவே எங்கள் சிபாரிசு.

நுனியில் இன்னொரு ரீ. திரவம் கீழே கானுக்குள். எரிவாயு மேலே போய், ஒரு வாளித் தண்ணீருக்குள் 2, 3 சென்ரிமீற்றர் ஆழத்தில் குமிழியாக வெளிவந்து, ஒன்றரை அங்குலக் குழாயில் பரலின் அடிக்குத் திரும்பவேண்டும். அந்தக் குழாயின் கடைசி முனையை அடைத்து, 4, 5 மில்லிமீற்றர்த் துளை இருபது போடுங்கள். தண்ணீர் வாளி எதற்கென்றால், அடுப்புச் சுவாலை குழாய் வழியே பின்னால் ஓடாமல் தடுக்க. அதைத் தவிர்க்காதீர்கள்.

அடுப்பு: உள்விட்டம் 85 சென்ரிமீற்றர், 200 முதல் 250 செங்கல். கட்டுவது புற்றுமண்ணும் உமியும் குழைத்து. சீமெந்து சூட்டில் வெடிக்கும். பரல் 35 சென்ரிமீற்றர் உயரத்தில் செங்கல் தூண்களில் நிற்கட்டும். நெருப்பு வாய் ஓரடிச் சதுரம். எதிர்ப்பக்கம் மேலே 15 சென்ரிமீற்றர் விட்டத்தில் புகைபோக்கி.

வாயுக் குழாயில் எங்கும் வால்வு போடாதீர்கள். யாராவது மூடிவிட்டால் பரல் குண்டாகிவிடும். மூடியையும் ஒட்டவோ வளையம் போட்டு இறுக்கவோ வேண்டாம். விளிம்பில் புற்றுமண்ணும் சாணமும் அப்பி, மேலே இரண்டு செங்கல் வையுங்கள். உள்ளே அழுத்தம் கூடினால் மூடி தூக்கி விடும், அதுதான் பாதுகாப்பு.

6. ஒரு காய்ச்சல்

உயர் சூட்டை அளக்கும் கே-வகை வெப்பமானி இரண்டு வாங்குங்கள்: ஒன்று பரலின் நடுவுக்கு, மற்றது தார்ப்பானையைத் தாண்டிய குழாய்க்கு. விலை அதிகமில்லை, பழுதாகும் சரக்கின் விலையோடு பார்த்தால்.

அதிகாலை ஐந்தரைக்குச் சின்ன நெருப்பு. முதல் ஒரு மணித்தியாலம் வெள்ளையாகத் தடித்த ஆவி வரும், தண்ணீர். இந்த நேரத்தில் வாயுக் குழாயை அடுப்போடு இணைக்காதீர்கள். ஆவி நெருப்பை அணைக்கும், உள்ளே இன்னும் காற்றும் இருக்கிறது. காற்றும் எரிவாயுவும் கலந்த குழாயில் நெருப்புப் பட்டால் வெடிக்கும்.

புகை மஞ்சளாகி, கண்ணை எரித்து, புளிப்பு மணம் வந்த பிறகும் பத்து நிமிடம் பொறுத்து இணையுங்கள். பரலின் உள்ளே, மரத்தின் கூறுகளில் 220 பாகைக்கு மேல் அரைச்செலுலோசும், 315 முதல் 400 வரை செலுலோசும் சிதையும். லிக்னின் மெதுவாகக் கடைசிவரை போகும். 280, 300ஐத் தாண்டும்போது சரக்கு தானே வெப்பம் விடத் தொடங்கும். புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்: நன்றாகப் பற்றுகிறதே என்று விறகைத் தள்ளுவார்கள். வாயு ஒரேயடியாகக் கிளம்பி மூடி தூக்கும், குளிர்குழாய் தாங்காமல் நுனியால் புகை கொட்டும். துளைக்குழாயில் சுவாலை நிலையாக நின்றதும் விறகை நிறுத்துங்கள். மொத்தம் 15 முதல் 20 கிலோ விறகுக்கு மேல் போகிறதென்றால் சரக்கு ஈரம், அல்லது அடுப்பில் வெடிப்பு.

இரண்டு மூன்று மணித்தியாலத்தில் சுவாலை குறுகி, புகை மெல்லிய நீலமாகும். நடுவில் 450 முதல் 500 பாகை காட்டும்வரை மறுபடி கொஞ்சம் விறகு கொடுத்து, அரை மணித்தியாலம் பிடியுங்கள். 350இல் நிறுத்தினால் கரி பார்க்க நல்லாயிருக்கும், அடுப்பில் வைத்தால் புகையும்.

முடிக்கும் ஒழுங்கு மாறக்கூடாது. நெருப்பைக் குறைக்கமுன் தண்ணீர் வாளியைக் கழற்றுங்கள். பரல் குளிரும்போது உள்ளே வெற்றிடமாகி வாளித் தண்ணீரை உறிஞ்சும். 500 பாகைப் பரலுக்குள் தண்ணீர் போனால் ஆவியாகி மூடியைப் பிய்க்கும். வாளி கழன்ற பிறகு, வெளிக்குழாயின் வாயை ஈரப் புற்றுமண்ணால் அடையுங்கள். இரும்பு மூடி போட்டு இறுக்கினால் பரல் உள்ளே நெளியும். மண் அடைப்பு மெதுவாகக் கசிந்து அதைக் காக்கும்.

7. ஆறவிடுதல்

மறுநாள்வரை தொடவேண்டாம். பரலின் அடியில் கை வைத்துப் பார்த்துக் குளிர்ந்திருந்தால் மட்டும் திறவுங்கள். திறந்து ஐந்து நிமிடத்தில் எங்காவது வெண்சாம்பல் பூத்தால் உடனே மூடி மண் பூசுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றிய கரியில் ஈரம் ஏறும், வாங்குபவர் கழிப்பார்.

வெளியெடுத்ததை நிழலில் மெல்லிதாகப் பரப்பி 24 மணித்தியாலம் விடுங்கள். புதுக்கரி காற்றிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சித் தானே சூடேறும். உடனே சாக்கில் கட்டி அடுக்கினால் இரவில் மூட்டை பற்றும், அதோடு கொட்டிலும். நல்ல கரி தட்டினால் கணீரென்று கேட்கும், உடைத்த முகம் மினுங்கும். பழுப்பு நிறத் துண்டுகளைப் பொறுக்கி அடுத்த காய்ச்சலில் போடுங்கள்.

8. திரவத்தை என்ன செய்வது

வெப்பமானி 80 பாகைக்குக் கீழே காட்டும்போது வருவது பெரும்பாலும் தண்ணீர். 80க்கும் 150க்கும் இடையில் வருவதைத் தனிக் கானில் பிடியுங்கள். 150ஐத் தாண்டினால் தாரும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் கூடும். அதைத் தார்ப் பரலில் சேருங்கள்.

பிடித்ததை மண்பானையிலோ தடித்த பிளாஸ்திக் கானிலோ மூன்று மாதம், முடிந்தால் ஆறு மாதம், நிழலில் அசைக்காமல் வையுங்கள். மூன்று படையாகப் பிரியும்: மேலே மெல்லிய எண்ணெய், நடுவில் தேத்தண்ணீர் நிற மரவினாகிரி, அடியில் தார். நடுவில் உள்ளதை மட்டும் சிறு குழாயால் இழுத்தெடுங்கள். மைபோல் கறுத்திருந்தால் எங்கோ இரும்பு கரைகிறது என்று அர்த்தம்.

பயிருக்கு இலையில் தெளிக்க 1 லீற்றருக்கு 300 முதல் 500 லீற்றர் தண்ணீர். முதலில் நாலைந்து மிளகாய்க் கன்றில் போட்டு மூன்று நாள் பாருங்கள். கடுமையாகப் போட்டால் இலை கருகும். களைக்குத்தான் அது சரி. தாரை வேலிக் கட்டையின் மண்ணுக்குள் போகும் பகுதிக்குப் பூசலாம், கறையான் வராது. மிச்சத்தைச் சிரட்டைத் துண்டில் ஊறவைத்து அடுப்பில் எரியுங்கள். கையுறை கட்டாயம்.

அசற்றிக்கமிலம், மெதனோல், பீனோல், பேர்புரல் எல்லாம் இதற்குள் இருப்பது உண்மை. பிரித்தெடுக்கும் வேலை பரலடியில் நடக்காது. அசற்றிக்கமிலம் கொதிப்பது 118 பாகை, தண்ணீர் 100. சாதாரண வடிப்பில் இரண்டும் சேர்ந்தே வரும். முதலில் வடிவது மெதனோல். அது கண்ணைக் குருடாக்கும், உயிரையும் எடுக்கும். யாரும் "சும்மா காய்ச்சிப் பார்ப்போம்" என்று வந்தால் கானைப் பூட்டி வையுங்கள்.

9. கணக்கு

இரும்பு விலை மாதம் ஒரு விலை என்பதால் ரூபாயில் எழுதிப் பயனில்லை. இப்படிப் போட்டுப் பாருங்கள். 1 கிலோ கரிக்கு 3.5 முதல் 4 கிலோ சிரட்டை போகும். ஆகவே சிரட்டையின் கிலோ விலையை நாலால் பெருக்கி, விறகையும் சாக்கையும் ஏற்றுக்கூலியையும் கூட்டி வரும் தொகை கரியின் விலையில் பாதிக்கு மேல் போனால் தொடங்கவேண்டாம். மற்றப் பாதியில்தான் கூலியும் பரல் தேய்மானமும் உரிமக் கட்டணமும் அடங்கவேண்டும்.

ஒரு பரலுக்கு ஒரு நாள் கூலி கட்டவே கட்டாது. ஒருவர் நாலு பரலைப் பார்க்கலாம்: ஒரு நாளைக்கு 200 கிலோ சிரட்டை, 50 கிலோ கரி. 200 கிலோ சிரட்டை என்றால் 1,200 தேங்காய்க்கு மேல். அவ்வளவு ஒவ்வொரு கிழமையும் எங்கிருந்து வரும் என்று பரல் வாங்கமுன் எழுதி வையுங்கள். சிரட்டை போதாவிட்டால் ஊமலோடு மாறி மாறிக் காய்ச்சுங்கள். இரண்டையும் ஒரே பரலில் கலக்கவேண்டாம். வாங்குபவர்கள் வேறு, விலைகளும் வேறு.

10. விற்கப் போகும்போது

சாப்பாட்டுக் கடை, கொல்லப் பட்டறை, உடுப்பு அழுத்துபவர் - இவர்களுக்குத் தரச் சான்று தேவையில்லை, புகையாமல் இருந்தால் போதும். உயிர்ப்பூட்டிய கரி (தண்ணீரையும் வாயுவையும் வடிகட்டப் பாவிப்பது) செய்யும் ஆலைகளுக்குச் சேர்ப்பவர்கள் அப்படியில்லை. பொதுவாக அவர்கள் கேட்பது: ஈரம் 10 வீதத்துக்குள், சாம்பல் 2க்குள், ஆவியாகும் பொருள் 15க்குள், நிலைக் காபன் (ஈரமும் ஆவியாகும் பொருளும் சாம்பலும் போக மிஞ்சுவது) 75க்கு மேல். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. பரிசோதனைக்கு வழியுண்டா என்று முதலில் அங்கே கேளுங்கள், இல்லையென்றால் கொழும்பு. ஒரே காய்ச்சலின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுத்துக் கலந்த மாதிரியைக் கொடுங்கள். மேலிருந்து மட்டும் எடுத்தால் சான்று ஒன்று சொல்லும், மூட்டை வேறொன்று சொல்லும்.

உமிக்கரியை மண்ணுக்கு விற்பதென்றால், வாங்குபவரின் மண்ணின் பீஎச் கேளுங்கள். உமிக்கரி காரத்தன்மையானது. ஏற்கனவே 7.5க்கு மேல் உள்ள மண்ணில் கூடப் போட்டால் பயிர் மஞ்சளாகும். பச்சையாகப் போடாமல் சாணக் கரைசலிலோ கூட்டெருவிலோ இரண்டு கிழமை ஊறவைத்துப் போடச் சொல்லுங்கள்; வெறுங்கரி முதல் போகத்தில் நைதரசனைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும்.

மரவினாகிரிப் போத்தலில் "பூச்சி மருந்து" என்று ஒட்டினால் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வந்துவிடுவீர்கள், பதிவில்லாமல் விற்கமுடியாது. "உரம்" என்று ஒட்டினால் 1988ஆம் ஆண்டின் 68ஆம் இலக்க உரச் சட்டம். பதிவு எடுக்கும்வரை சொந்தத் தோட்டத்துக்கு மட்டும் பாவியுங்கள். எந்தப் போத்தலிலும் காய்ச்சிய திகதி, எதிலிருந்து காய்ச்சியது, "குடிக்கக்கூடாது" என்ற மூன்றையும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். சோடாப் போத்தலில் மட்டும் அடைக்காதீர்கள். நிறத்தைப் பார்த்து நெக்டோ என்று பிள்ளைகள் வாயில் வைத்துவிடும்.